ஏலகிரி, சவ்வாது மலைத் தோட்டங்களில் வெப்பநாட்டுச் செடிகளும் பனிக்காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் குடும்பங்கள் பல இன்று ஏலகிரியில் சிறு வீடும் தோட்டமும் வைத்திருக்கின்றன. கீழே மொட்டை மாடியில் செழித்து நின்ற குரோட்டன்ஸையும் அடீனியத்தையும் அந்தூரியத்தையும் ஆசையோடு மலைக்குக் கொண்டுவந்து, மார்கழி முடிவதற்குள் பாதியை இழந்துவிட்டு, என்ன தவறு செய்தோம் என்று கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அத்தனாவூருக்கு அருகில் பதினோரு பனிக்காலங்களாகத் தோட்டம் வைத்திருக்கும் அனுபவத்தில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். செடிகளை வீட்டுக்குள் எடுத்துச் செல்ல இடமில்லாதவர்களுக்காக, வெளியிலேயே வைத்துக் காப்பாற்றும் வழிகளை மட்டுமே சொல்கிறேன்.

ஏலகிரியில் ஊட்டியைப் போல உறைபனி விழுவதில்லையே, பிறகு செடி ஏன் சாக வேண்டும்?

செடி சாவதற்கு நீர் உறைய வேண்டியதில்லை. மார்கழிக் காலையில் சமையலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் கட்டிதட்டி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். நீர் உறைய வேண்டிய குளிருக்கு வெகு முன்பே எண்ணெய் உறைந்துவிடுகிறது. செடியின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்விலும் கொழுப்புப் பொருள் இருக்கிறது. ஊட்டியின் செடிகளுக்கு அது குளிரிலும் இளகியே இருக்கும். அமேசான் காட்டிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வந்த செடிகளுக்கோ, ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் அந்தச் சவ்வு விறைக்கத் தொடங்குகிறது. விறைத்த சவ்வு கசிகிறது. இலையில் எண்ணெய் பட்டது போன்ற கரும்பச்சைத் திட்டுகள் தோன்றி, சில நாட்களில் பழுப்பாகின்றன.

இலைக்கு நேர்வது கண்ணுக்குத் தெரிகிறது. வேருக்கு நேர்வது தெரிவதில்லை என்பதால் அதுதான் அதிக ஆபத்து. குளிர்ந்த மண்ணில் இந்தச் செடிகளின் வேர்கள் தண்ணீரை உறிஞ்சும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மண் நிறைய ஈரம் இருந்தும் பகலில் இலை தொங்குகிறது. தொங்கும் இலையைப் பார்த்தவர் இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். காற்றோட்டம் இல்லாத, குளிர்ந்த சேற்றில் வேர் அழுகுகிறது. மலையில் இறந்துபோன செடிகளைப் பிடுங்கிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் பெரும்பாலானவை குளிரால் மட்டும் இறந்தவை அல்ல, குளிரில் ஊற்றப்பட்ட தண்ணீரால் இறந்தவை.

வேலூருக்கும் ஏலகிரிக்கும் குளிரில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்?

வேலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி ஐந்தரை டிகிரி வித்தியாசம் வருகிறது. வேலூரில் தை மாத இரவு 18 டிகிரி என்றால் மேலே பன்னிரண்டு, பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். மோசமான இரவுகளில் பதினொன்றுக்கும் இறங்கும். மேலே சொன்ன 12 டிகிரி எல்லையில்தான் நம் மலை நிற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஊட்டியில் இந்தச் செடிகளை வெளியில் வைப்பது வீண் முயற்சி. ஏலகிரியில் இரண்டு மூன்று டிகிரியைக் காத்துக்கொடுத்தாலே போதும். சவ்வாது மலையில் காவலூர் 725 மீட்டர்தான் என்பதால் அங்கே இன்னும் எளிது.

ஒரே தோட்டத்தில் ஒரு குரோட்டன்ஸ் மொட்டையாகிறது, பத்தடி தள்ளி இருப்பது பச்சையாகவே நிற்கிறது. ஏன்?

பச்சையாக நிற்கும் செடிக்கு மேலே பெரும்பாலும் ஒரு பலா மரமோ தாழ்வாரமோ இருக்கும். இரவில் நிலமும் இலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிடுகின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. மேகமே இல்லாத, காற்றும் அசையாத இரவில் திரும்பி வருவது மிகக் குறைவு. அப்போது திறந்தவெளியில் நிற்கும் இலை, சுற்றியுள்ள காற்றைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். வீட்டுச் சுவரில் மாட்டிய வெப்பமானி 13 காட்டும்போது, வெட்டவெளியில் நிற்கும் அந்தூரியத்தின் இலை 10 டிகிரியில் இருக்கலாம்.

காவலூரில் 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பலரும் பார்த்திருப்பார்கள். விண்மீன்களை ஆராய்பவர்கள் காத்திருக்கும் துல்லியமான, மேகமற்ற இரவே நம் செடிகளுக்கு மிகக் கொடிய இரவு. மாலையில் அண்ணாந்து பார்த்து விண்மீன்கள் கூர்மையாகத் தெரிந்தால், காற்றும் அடங்கியிருந்தால், அன்று மூட வேண்டும். மேகம் மூட்டமாக இருந்தால் அன்று விட்டுவிடலாம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

இன்னொரு காரணம் பள்ளம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். தோட்டத்தின் கீழ் மூலையில் மதில் சுவர் இருந்தால் அந்தச் சுவரே அணைபோல் குளிர்காற்றைத் தேக்கிவைக்கும். வெப்பநாட்டுச் செடிகளைச் சரிவின் நடுப்பகுதியில், மரத்தின் ஓரக் கிளைகளுக்கு அடியில் வைப்பது நல்லது.

எந்தச் செடிகளுக்கு அதிகக் கவனம் வேண்டும்?

என் தோட்டத்து அனுபவத்தில் அக்லோனிமாதான் எல்லாவற்றிலும் மெல்லியது. ஓர் இரவு தவறினாலும் மறுவாரம் இலையில் திட்டுத் தெரியும். அதற்கு அடுத்தபடியாக டிஃபன்பாக்கியா, அந்தூரியம், கேலேடியம், ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஆகியவற்றைச் சொல்வேன். குரோட்டன்ஸ் சாவதில்லை, கீழ் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். செம்பருத்தி மொட்டுகளை உதிர்க்கும், ஆனால் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஹெலிகோனியாவின் இலை ஓரங்கள் கருகும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

பிரேசிலிலிருந்து வந்த காகிதப்பூவைப் பற்றிக் கவலையே வேண்டாம். குளிர்ந்த இரவும் வறண்ட மண்ணும் கிடைத்தால் இன்னும் அதிகமாகப் பூக்கும். மெக்சிகோவிலிருந்து வந்த பாயின்செட்டியாவும் அப்படியே. அதன் மேலிலைகள் சிவப்பது குளிரால் என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் இரவு நீளும் காலத்தில்தான் அது சிவக்கிறது. இரவில் அதன்மேல் தெருவிளக்கு விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பனிக்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்கு வைக்காதீர்கள். சுட்டுவிரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் ஈரம் ஒட்டினால் அன்று ஊற்றக் கூடாது.

முதல் ஆண்டு நான் நாள் கணக்கில்தான் ஊற்றினேன். கீழே வேலூரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பழகிய கை. பிளாஸ்டிக் தாளால் மூடிய கொட்டகையில் பதினான்கு அடீனியங்கள் இருந்தன. கார்த்திகை மழை முடிந்தும் நான் ஊற்றுவதை நிறுத்தவில்லை. மார்கழி நடுவில் ஒருநாள் காலை, அவற்றில் மூத்ததன் பருத்த அடித்தண்டை விரலால் அழுத்தினேன். பழுத்த சப்போட்டாவை அழுத்தியது போல விரல் உள்ளே போயிற்று. புளித்த வாடையுடன் பழுப்பு நீர் வழிந்தது. மற்றவற்றையும் அழுத்திப் பார்த்தேன். பதினான்கில் ஒன்பது மெத்தென்று இருந்தன. எதிர்ப் பக்கத்து நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் வேலி ஓரமாக வந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மேல பனி பெய்யுது, கீழ நீ தண்ணி ஊத்துற, வேரு அழுவாம இன்னா பண்ணும்?" என்று கேட்டார். நான் படித்திருந்த எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் அவ்வளவு சுருக்கமாக அந்தச் செய்தி இல்லை.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். கார்த்திகை தீபத்துக்குப் பிறகு அடீனியம், ஈழத்தலரி, கள்ளி வகைகளுக்குத் தண்ணீரை அநேகமாக நிறுத்திவிடுகிறேன். தண்டு சுருங்கத் தொடங்கினால் மட்டும் ஒரு டம்ளர் ஊற்றுகிறேன். இலைச் செடிகளுக்கு, விரலில் ஈரம் ஒட்டாத நாளில், காலை பத்து மணிக்கு மேல், வெயிலில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீரை வேருக்கு மட்டும் ஊற்றுகிறேன். மாலையில் ஊற்றுவதில்லை, இரவு முழுவதும் ஈரமான மண் கூடுதலாகக் குளிரும், இலையில் தெறித்த நீரும் காயாது. தொட்டியின் கீழே தட்டு வைத்திருந்தால் இந்த மாதங்களில் எடுத்துவிடுங்கள்.

மண் கலவையும் இதில் சேர்ந்ததே. ஏலகிரிச் செம்மண்ணைத் தனியாகத் தொட்டியில் நிரப்பினால் மழைக்குப் பிறகு இறுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு, கரட்டு மணலும் உடைத்த செங்கல் துண்டும் சேர்ந்து இரண்டு பங்கு என்று கலந்தால் ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் வந்துவிடும். அடீனியத்துக்கு எருவைப் பாதியாகக் குறைக்கலாம்.

செடிகளை எதனால் மூடுவது? பிளாஸ்டிக் தாள் போதாதா?

பிளாஸ்டிக் தாள் மழையைத் தடுக்கும், குளிரை அவ்வளவாகத் தடுக்காது. மெல்லிய பாலித்தீன் வழியாக வெப்பம் வெளியேறிவிடுகிறது. அதன் உட்புறத்தில் வியர்த்து வழியும் நீர் இலைமேல் சொட்டும். தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். பகலில் எடுக்க மறந்தால் உள்ளே வெந்துவிடும். ஏலகிரியில் தை மாதப் பகல் இருபத்தைந்து டிகிரிக்குப் போவது சாதாரணம்.

தென்னங்கீற்றுப் பந்தலை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஏழடி உயரத்தில், கிழக்கிலும் மேலேயும் கீற்று, தெற்கும் மேற்கும் திறப்பு என்று அமைத்தால், வானத்துக்கும் செடிக்கும் நடுவே ஒரு கூரை இருக்கும், காற்றும் ஓடும், பகல் சாயும்போது மேற்கு வெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்கும். மழை முடியும் வரை கீற்றின்மேல் ஒரு தார்ப்பாய் போட்டுவைப்பது நல்லது. பந்தல் போட இயலாதவர்கள் நான்கு குச்சி நட்டு, அதன்மேல் பழைய வேட்டியையோ சேலையையோ கோணிப்பையையோ மாலையில் விரித்துக் காலையில் எடுத்துவிடலாம். துணி இலையில் படாமல் ஒரு சாண் இடைவெளி வேண்டும். பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாகப் போட்டாலும் ஓரளவு பயன் தரும்.

தரையில் நட்ட செடிகளுக்கு மூடாக்கு போட வேண்டும். வைக்கோல், காய்ந்த சருகு, கேழ்வரகுத் தாள், சவ்வாது மலைப் பக்கம் என்றால் சாமைத் தாள், எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பலாம். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். தண்டோடு ஒட்டிப் போட்ட மூடாக்கு அந்த இடத்தையே அழுகச் செய்யும். தென்னைநார்க் கழிவை இந்தக் காலத்தில் தவிர்க்கலாம். தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அதன் நல்ல குணமே பனிக்காலத்தில் கெடுதலாகிறது.

கிழக்கிலும் கீற்றுக் கட்டச் சொல்கிறீர்கள். காலை வெயில் செடிக்கு நல்லதில்லையா?

மற்ற மாதங்களில் நல்லது. பனிக்கால விடியலில், இலை இன்னும் விறைத்திருக்கும்போது அதன்மேல் நேராக வெயில் விழுந்தால், இலை அந்த ஒளியைப் பயன்படுத்த முடியாமல் திணறுகிறது. இலையின் உட்செயல்கள் குளிரில் மந்தமாகியிருக்க, பச்சையம் மட்டும் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது. செலவழிக்கப்படாத அந்த ஆற்றல் பச்சையத்தையே சிதைக்கிறது. கிழக்குப் பார்த்த இலைகளில் மட்டும் வெளிறிய திட்டுகள் இருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று கொள்ளலாம். எட்டு, எட்டரை மணி வரை நிழலில் இருந்து, காற்று சூடான பிறகு வெயில் பட்டால் அந்த இலை தப்பிவிடும். ஒரே குளிரில் நின்ற இரண்டு டிராகேனாக்களில், மேற்குச் சுவரோரம் இருந்தது பிழைத்து, கிழக்குத் திண்ணையில் இருந்தது வெளுத்துப்போனதை நான் கண்ட பிறகுதான் என் பந்தலுக்குக் கிழக்கு மறைப்புக் கட்டினேன்.

மின்சாரம் இல்லாமல் இரவில் வெப்பம் தர வழி உண்டா?

உண்டு, தண்ணீரும் கருங்கல்லும். 200 லிட்டர் டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பிப் பகலில் வெயில் படும்படி பந்தலுக்குள் வைத்தால், இரவில் அது 5 டிகிரி குளிர்வதற்குள் ஏறத்தாழ 1.16 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளிவிடும். ஒரு 100 வாட் குண்டு பல்பு இரவெல்லாம் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் அது. டிரம்முக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, கொசு முட்டையிடாதபடி இறுக மூடிவைக்க வேண்டும். கருங்கல் எடைக்கு எடை தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தையே பிடிக்கும் என்றாலும், நம் பகுதியில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை. மேற்கு வெயில் விழும் கற்சுவரை ஒட்டித் தொட்டிகளை வரிசையாக வைத்தாலே பயன் தெரியும். புகை மூட்டம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறு தோட்டத்தில் அதனால் வெப்பம் நிற்பதில்லை, அண்டை வீட்டாருக்கு மூச்சுத் திணறும், காடு அருகில் இருப்பதால் நெருப்பும் ஆபத்து.

தொட்டியில் வைப்பது நல்லதா, தரையில் நடுவது நல்லதா?

தொட்டி மண் நான்கு பக்கமும் காற்றுப் பட்டுச் சீக்கிரம் குளிரும். தரை மண் மெதுவாகவே குளிரும். ஆனால் தொட்டியை நகர்த்தலாம், மழையிலிருந்து காக்கலாம். மெல்லிய செடிகளைத் தொட்டியில் வைத்து, பனிக்காலத்தில் தொட்டிகளை நெருக்கமாகக் கூட்டி, வெளி வரிசையைச் சுற்றிச் சருகு நிரப்பிய கோணிப்பைகளை அடுக்குவது என் வழக்கம். சிமெண்ட் தரைமேல் வைப்பதானால் அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள்.

பனிக்காலத்துக்கு முன் உரம் போட்டால் செடிக்குத் தெம்பு வராதா?

வராது. ஐப்பசியில் யூரியாவோ புண்ணாக்குக் கரைசலோ கொடுத்தால் கார்த்திகையில் இளங்கொழுந்து தள்ளும். அந்தக் கொழுந்துதான் முதலில் கருகும். புரட்டாசியோடு தழை உரத்தை நிறுத்திவிடுங்கள். கவாத்தும் அப்படியே, வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் கருகும்.

ஈழத்தலரியும் அடீனியமும் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டன. செத்துவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை, ஓய்வெடுக்கின்றன. ஈழத்தலரி தன் தாயகமான வெப்ப அமெரிக்காவிலேயே வறண்ட காலத்தில் இலை உதிர்ப்பதுதான். கட்டைவிரல் நகத்தால் கிளையின் தோலைக் கடுகளவு கீறிப் பாருங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்து, பால் துளிர்த்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் ஒரு சாண் கீழே கீறுங்கள். நுனி மட்டும் காய்ந்திருக்கலாம். உயிர் இருக்கிறது என்று தெரிந்தவுடன் மகிழ்ச்சியில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். இலை இல்லாத செடிக்குத் தண்ணீர்ச் செலவு இல்லை.

தண்டு மெத்தென்று இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. கூர்மையான, தீயில் காட்டிய கத்தியால் அழுகலை வெட்டிக்கொண்டே போய், வெட்டுமுகம் முழுவதும் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சினாலும் அங்கிருந்து மறுபடி பரவும். வெட்டுமுகத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சம எடையில் சேர்த்துத் தயாரித்த போர்டோ பசையைப் பூசி, செடியை மண்ணிலிருந்து எடுத்த நிலையிலேயே நிழலில் பத்து நாள் காயவிட்டு, பிறகு உலர்ந்த கலவையில் நடலாம். முதல் ஆண்டில் மெத்தென்று ஆன அந்த ஒன்பது அடீனியங்களில் நான் இப்படிக் காப்பாற்றியவை மூன்று.

ஆர்க்கிட்டுகளுக்கு என்ன செய்வது?

ஃபெலனாப்சிஸுக்கு லேசான குளிர்ச்சி வேண்டும். பூந்தண்டு விடுவதற்கு அதுவே தூண்டுதல். கார்த்திகை வரை வெளியில் விட்டுவிட்டு, இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் பந்தலின் உட்பகுதிக்கு மாற்ற வேண்டும். இலைகள் கூடும் நடுக்குருத்தில் பனி நீர் தேங்கினால் இரண்டே நாளில் குருத்து அழுகும். அதனால் செடியைச் சற்றுச் சாய்த்துக் கட்டுங்கள். மரங்களில் இயற்கையாகவும் அது சாய்ந்துதான் வளர்கிறது. டென்ட்ரோபியம் வகைகளில் பல, இலை உதிர்க்கும் பருவத்தில் தண்ணீரின்றியே நன்றாக இருக்கும்.

கேலேடியம் காணாமல் போய்விட்டது. என்ன ஆயிற்று?

கிழங்காக மண்ணுக்குள் உறங்குகிறது. தொட்டியை அப்படியே மழை படாத மூலையில் காய வைத்துவிட்டுப் பங்குனியில் தண்ணீர் காட்டுங்கள்.

லண்டனில் இருக்கும் மகள், வாழையைத் தோட்டத்திலேயே சுற்றிக் கட்டிக் குளிர்காலம் முழுவதும் விட்டுவிடுகிறாளாம். அதே முறையை இங்கே செய்யலாமா?

அங்கே அது சரியான முறை. இங்கே அதுவே செடியைக் கெடுத்துவிடும். அங்கே தோட்டத்தில் நிற்பது பெரும்பாலும் ஜப்பான் வாழை என்று பெயர் பெற்ற, உண்மையில் தென் சீனத்தைச் சேர்ந்த 'மூசா பாஸ்ஜூ'. நம் பூவன், மொந்தன் போல அதன் பழம் உண்பதற்கு ஏற்றதல்ல. இலை அழகுக்காக வளர்க்கிறார்கள். முதல் உறைபனியில் இலைகள் கருகியதும் அவற்றை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பி வலைக்கூண்டு வைத்து, வைக்கோலைத் திணித்து, மேலே மழை இறங்காதபடி மூடி, வசந்தம் வரை திறப்பதில்லை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் வளரும் டிக்சோனியா மரப்பெரணிக்கும் இப்படியே நடுக்குருத்தில் வைக்கோல் வைத்து மட்டைகளை மடித்துக் கட்டுகிறார்கள். மாதக்கணக்கில் செடி முழு உறக்கத்தில் இருப்பதாலும், பகலும் குளிராகவே இருப்பதாலும் அது பொருந்துகிறது.

நம் மலையில் இரவு 12 டிகிரி, மறுநாள் பகல் 25 டிகிரி. செடி உறங்குவதில்லை, மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. அதை மாதக்கணக்கில் வைக்கோலுக்குள் இறுக்கினால் பூஞ்சையும் நத்தையும் குடியேறும். மாலையில் மூடிக் காலையில் திறக்கும் உழைப்பை இங்கே தவிர்க்க வழியில்லை. ஆனால் மேலிருந்து இறங்கும் ஈரத்தைத் தடுப்பதில் அவர்கள் காட்டும் கவனத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அதே மகள் கருவேப்பிலைச் செடியும் வைத்திருக்கிறாள். அதை வெளியில் விடலாமா?

லண்டன் குளிர்காலத்தில் விட வேண்டாம். உறைபனிக்கு முன் உள்ளே, வெளிச்சமான சன்னலோரம் வைத்து, தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள். இலை உதிர்ந்தாலும் நகக்கீறலில் பச்சை தெரிந்தால் வசந்தத்தில் துளிர்க்கும். ஏலகிரியில் அது வெளியிலேயே நன்றாக நிற்கும்.

பொங்கலுக்குப் பிறகு பந்தலைப் பிரித்துவிடலாமா?

கூடாது. பொங்கலன்று பகல் வெயிலைப் பார்த்துப் பந்தலைப் பிரிப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் முன்னோர் சொன்னதை இந்த மலையில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மாசியில் மழையும் மேகமும் முற்றிலும் விலகி வானம் திறந்திருப்பதால், பகல் சுட்டாலும் சில இரவுகள் கடுமையாக இறங்கும். இரவின் மிகக் குறைந்த வெப்பத்தைப் பதிந்துவைக்கும் வெப்பமானி ஒன்றைச் செடியின் உயரத்தில், திறந்தவெளியில் கட்டுங்கள். தொடர்ந்து பத்து இரவுகள் 15 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் முதலில் கிழக்கு மறைப்பையும், அடுத்த வாரம் மேற்கூரையில் பாதியையும் எடுக்கலாம். முழுக்கூரையையும் ஒரே நாளில் எடுத்தால், நிழலில் பழகிய இலை பங்குனி வெயிலில் வெந்துவிடும்.

வேலூரிலேயே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இவை தேவையா?

தண்ணீரைக் குறைப்பது மட்டும் தேவை. அங்கே செடிகளின் சோதனைக்காலம் அக்கினி நட்சத்திரம். மலையிலிருந்து கீழே கொண்டுபோகும் செடிகளை மாசிக்கு முன்பே கொண்டுபோய்ப் பழக்குங்கள்.

கருகிய இலைகளையும் கிளைகளையும் எப்போது வெட்டுவது?

பார்க்கச் சகிக்காமல் உடனே வெட்டத் தோன்றும்; பொறுத்துக்கொள்ளுங்கள். கருகிய மேலிலைகள் அடியிலிருக்கும் குருத்துக்குக் கூரையாக நிற்கின்றன. கிளை எந்த இடம் வரை செத்திருக்கிறது என்பதும் துளிர் வரும் முன் தெரியாது. நீர் கோத்து அழுகும் பகுதியை மட்டும் அன்றன்று எடுத்து எரித்துவிட வேண்டும். பங்குனி நடுவில் குரோட்டன்ஸ் குச்சியின் கணுவில் அரிசி முனையளவு செம்பச்சைப் புடைப்பு தெரியும். அதற்கு ஒரு விரற்கடை மேலே, மழைநீர் நிற்காதபடி சாய்வாக வெட்டுங்கள். அன்று மாலை தண்ணீர் ஊற்றலாம், வேர்ப்பகுதி நனையும் அளவுக்கு. எருவுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இரண்டாவது இலை விரிந்த பிறகு வைத்தால் போதும்.